ஆர்கான் ஆய்வகத்தின் கதவை யார் திறந்தார்கள்?

எங்கள் மாலைநேரப் படிப்பு வட்டத்துக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து வந்துகொண்டிருந்த தங்கை ஒருத்தி, கணினிவழி வேதியியலில் முனைவர் பட்டம் முடித்துவிட்டாள். அவள் தெருவில் அவள்தான் முதல் முனைவர். சில வாரங்களுக்கு முன்பு தன் செல்பேசியில் ஒரு விளம்பரத்தை எங்களிடம் காட்டினாள். அமெரிக்காவில் சிகாகோ நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆர்கான் தேசிய ஆய்வகம் தரும் போஸ்ட்டாக் வாய்ப்பு அது. மார்கரெட் பட்லர் என்பவரின் பெயரில் கணினிவழி அறிவியலுக்காக அமைந்த உதவித்தொகை.

"படிப்பு இருக்குக்கா, புரோகிராம் எழுதத் தெரியும், பேப்பரும் வந்திருக்கு. பரிந்துரைக் கடிதம்தான் இடிக்குது. கைடு ஒண்ணு தருவாரு. மத்ததுக்கு யாருகிட்ட போய் நிக்கிறது?"

எங்களிடம் பதில் இல்லை. நாங்கள் சமூகப் பணி செய்பவர்கள். சாதிச் சான்றிதழ் இழுத்தடிக்கப்பட்டால் தாசில்தார் அலுவலகத்தில் போய் உட்காரத் தெரியும். கல்வி உதவித்தொகை வராவிட்டால் ஆட்சியருக்கு மனு எழுதத் தெரியும். ஆனால் பரிந்துரைக் கடிதத்தை மனுக் கொடுத்து வாங்க முடியாது. பெரிய இடத்தில் இருக்கும் ஒருவர் மனது வைத்து, "இந்தப் பெண்ணை எனக்குத் தெரியும்" என்று எழுத வேண்டும்.

அன்று இரவு, இந்த மார்கரெட் பட்லர் யார் என்று தேடத் தொடங்கினோம். ஒரு பெயரில் தொடங்கிய தேடல் ஐந்தாறு பெயர்களில் போய் நின்றது. அந்த ஆய்வகத்தின் கதவு யாருக்குச் சாத்தப்பட்டது, யாருக்குத் திறந்தது, திறந்தவர்கள் யார் என்கிற வரலாறு, நம் பிள்ளைகளுக்காக நாம் படித்துவைக்க வேண்டிய வரலாறு என்று தோன்றியது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

போஸ்ட்டாக் என்னும் இடைவழி

முனைவர் பட்டம் வாங்கியவர் உடனே விஞ்ஞானி ஆகிவிடுவதில்லை. பட்டத்துக்கும் நிரந்தர வேலைக்கும் நடுவே இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரு மூத்த விஞ்ஞானியின் குழுவில் தற்காலிகமாக வேலை செய்ய வேண்டும். அதற்குப் பெயர்தான் போஸ்ட்டாக். அமெரிக்காவில் இந்த ஏற்பாடு பெரிய அளவில் 1919இல் தொடங்கியது. ராக்பெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் அந்நாட்டுத் தேசிய ஆய்வுக் கவுன்சில் இளம் முனைவர்களுக்கு உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது. இன்று அறிவியலில் நிரந்தர வேலை வேண்டும் என்றால், பெரும்பாலும் இந்த இடைவழியைக் கடந்தாக வேண்டும்.

இந்த இடைவழியில் நுழைவுத் தேர்வு கிடையாது. மதிப்பெண் பட்டியல் ஒட்டமாட்டார்கள். உங்கள் கட்டுரைகளைப் பார்ப்பார்கள், உங்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிய கடிதங்களைப் பார்ப்பார்கள், உங்களைக் குழுவில் சேர்த்துக்கொள்ள உள்ளே ஒருவர் முன்வருகிறாரா என்று பார்ப்பார்கள். அறிவியல் வேலைக்குப் போகும் பாதையிலேயே ஆள்பழக்கம் அதிகம் செல்லுபடியாகும் இடம் இதுதான். சாதியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

1944: ஒரு பரிந்துரைக் கடிதம்

ஆர்கான் ஆய்வகத்தின் வேர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இருக்கிறது. அணுகுண்டுத் திட்டத்தின் ஒரு பகுதியாகச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் உலோகவியல் ஆய்வகம் என்ற மறைபெயரில் ஓர் ஆய்வகம் நடந்தது. 1942 டிசம்பரில் என்ரிகோ ஃபெர்மி தலைமையில் முதல் அணு உலை இயங்கியது அங்கேதான். போர் முடிந்தபின், 1946 ஜூலை 1ஆம் தேதி, அதன் தொடர்ச்சியாக ஆர்கான் உருவானது. அமெரிக்காவின் முதல் தேசிய ஆய்வகம் அது.

அந்த உலோகவியல் ஆய்வகத்தில் 1944இல் சேர்ந்த ஓர் இளைஞரின் பெயர் ஜே. எர்னஸ்ட் வில்கின்ஸ். கருப்பினத்தவர். 1923இல் சிகாகோவில் பிறந்தார். 13 வயதில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 19 வயதில், 1942இல், கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். பின்பு ரோசன்வால்ட் அறக்கட்டளையின் உதவித்தொகையில் பிரின்ஸ்டனில் உள்ள உயர் ஆய்வு நிறுவனத்துக்குப் போனார். இன்றைய சொல்லில் அது போஸ்ட்டாக்தான். அதன்பின் கருப்பின மாணவர்களுக்கான டஸ்கிகீ கல்லூரியில் பாடம் நடத்தினார். சிகாகோவுக்குத் திரும்பியபோது யூஜின் விக்னரின் குழுவில் சேர்ந்தார். அணு உலைக்குள் நியூட்ரான்களின் ஆற்றல் எப்படிப் பரவியிருக்கும் என்று அவர்கள் போட்ட கணக்கு இன்றும் விக்னர்-வில்கின்ஸ் என்ற இருவர் பெயரையும் தாங்கி அணு உலைப் பாடநூல்களில் இருக்கிறது.

1944இல் விக்னரின் குழு டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜுக்கு இடம் மாற வேண்டியிருந்தது. குழு போகலாம், வில்கின்ஸ் போக முடியாது. டென்னசி இனப் பாகுபாட்டுச் சட்டங்கள் நடந்த மாநிலம். ஓக் ரிட்ஜ் அரசே புதிதாகக் கட்டிய ரகசிய நகரம். அங்கேயும் கருப்பினத் தொழிலாளர்களுக்கு ஒட்டுப்பலகைக் குடிசைகள் தனியாக ஒதுக்கப்பட்டன. கணவனும் மனைவியும்கூடச் சேர்ந்து வாழ முடியாதபடி ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். ஊருக்கு வெளியே சேரி இருப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த நகர வரைபடம் புதிதல்ல.

அப்போது எட்வர்ட் டெல்லர் ஒரு கடிதம் எழுதினார். பிற்காலத்தில் ஹைட்ரஜன் குண்டின் தந்தை என்று அழைக்கப்பட்ட அதே டெல்லர்தான். போர்க்கால ஆய்வுகளை நடத்திய ஹரால்ட் யூரே என்னும் நோபல் விஞ்ஞானிக்கு 1944 செப்டம்பரில் எழுதிய அந்தக் கடிதத்தின் சாரம் இது: வில்கின்ஸ் மிகத் திறமையாக வேலை செய்கிறார், அவர் கருப்பினத்தவர், குழு போகும் இடத்துக்கு அவர் போக முடியாது, ஆகவே அவரை வேறு பணிக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

கடிதம் நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டது. அதில் வில்கின்ஸின் திறமையைப் பற்றி ஒரு சந்தேகமும் இல்லை. அப்படியிருந்தும் அந்தக் கடிதம் ஒன்றை ஒளிக்காமல் காட்டிவிடுகிறது. உலகின் மிக முக்கியமான கணக்குகளில் ஒன்றைப் போடும் குழுவில் யார் இருப்பது என்ற கேள்வி, கணக்கு யாருக்கு நன்றாக வரும் என்பதோடு முடியவில்லை. எந்த ஊரில் யார் தூங்கலாம் என்பதும் சேர்ந்துதான் அதைத் தீர்மானித்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. வில்கின்ஸ் ஏழை வீட்டுப் பிள்ளை அல்ல. அப்பா வழக்கறிஞர், பின்னாளில் ஐசன்ஹோவர் அரசில் தொழிலாளர் துறையின் துணைச் செயலாளராகவே ஆனவர். "பணம் வந்தால் சாதி போய்விடும், வசதியான தலித்துக்கு எதற்கு இடஒதுக்கீடு?" என்று கேட்பவர்கள் ஓக் ரிட்ஜின் வாசலில் நின்ற இந்த 20 வயது மேதையைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கலாம். மேல்தட்டுக் குடும்பம், முனைவர் பட்டம், பிரின்ஸ்டன் அனுபவம், நோபல் விஞ்ஞானிகளின் பழக்கம் எல்லாம் இருந்தன. அவருடைய தோலைத் தாண்டி அவை எதுவும் வேலை செய்யவில்லை.

அவரோடு அதே ஆய்வகத்தில் வேலை செய்த ரால்ஃப் கார்ட்னர் என்னும் கருப்பின வேதியியலாளரின் கதை இதைவிடக் கசப்பானது. புளூட்டோனியம் ஆய்வில் பங்கெடுத்தவர் அவர். போர் முடிந்ததும் தன் படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல், 1949 வரை உணவகத்தில் பரிமாறுபவராக வேலை செய்து பிழைத்தார்.

வெளியிலிருந்து வந்த தள்ளு

வில்கின்ஸும் கார்ட்னரும் அந்த ஆய்வகத்துக்குள் எப்படி நுழைந்தார்கள்? விஞ்ஞானிகள் பரந்த மனதுக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. 1941இல் அமெரிக்காவின் ராணுவத் தொழிற்சாலைகள் ஆட்களை அள்ளி எடுத்துக்கொண்டிருந்தபோது கருப்பினத்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பின. அப்போது ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் என்ற தொழிற்சங்கத் தலைவர், கருப்பின மக்களைத் திரட்டி வாஷிங்டனை நோக்கிப் பேரணி நடத்துவோம் என்று அறிவித்தார். அவர் தலைமை தாங்கியது ரயிலில் படுக்கை விரித்து, பயணிகளின் பெட்டி தூக்கி, காலணி துடைத்த தொழிலாளர்களின் சங்கம். பேரணியைத் தவிர்க்க நினைத்த குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1941 ஜூன் 25 அன்று 8802ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். ராணுவத் தொழில்களிலும் அரசு வேலைகளிலும் நிறம் பார்த்து ஆளை ஒதுக்கக் கூடாது என்றது ஆணை. போர்க்கால ஆய்வுத் திட்டங்களில் கருப்பின விஞ்ஞானிகள் நுழைந்ததற்கு இந்த ஆணை ஒரு முக்கியக் காரணம்.

கணிதத்தில் 19 வயதில் முனைவரான மேதைக்கும் வழி செய்துகொடுத்தது ரயிலில் படுக்கை விரித்தவர்களின் சங்கம் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஆணை வேலையைப் பற்றி மட்டும்தான் பேசியது, ஊரைப் பற்றிப் பேசவில்லை. அதனால்தான் சிகாகோவில் உள்ளே இருந்த வில்கின்ஸ் ஓக் ரிட்ஜில் வெளியே நின்றார்.

ஆர்கான் பிறந்த அதே 1946 ஜூலை மாதத்தில்தான் அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கக் கருப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இரு மக்களின் நிலைக்கும் இருக்கும் ஒற்றுமையைச் சொல்லி, கருப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபையில் கொடுத்த மனுவின் படியைக் கேட்டிருந்தார். ஆகவே, ஆர்கானின் வரலாற்றில் நமக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்விக்கு அண்ணலே 1946இல் பதில் சொல்லிவிட்டார்.

சம்பளம் இல்லாத பேராசிரியரும் பட்டம் இல்லாத கணிதவியலாளரும்

ஆர்கானில் இன்று இளம் முனைவர்களுக்குத் தரப்படும் உதவித்தொகைகளில் ஒன்று மரியா கெப்பர்ட் மேயர் பெயரில் இருக்கிறது. 1963இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். 1930இல் ஜெர்மனியில் முனைவரானவருக்கு, அமெரிக்காவுக்கு வந்தபின் பல்கலைக்கழகங்கள் முறையான வேலை தரவில்லை. கணவர் பேராசிரியராக இருக்கும் இடத்தில் மனைவியை நியமிக்கக் கூடாது என்ற விதியைக் காரணம் காட்டினார்கள். 1946இல் சிகாகோ பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்தது சம்பளம் இல்லாத, 'தன்னார்வ' இணைப் பேராசிரியர் பதவி. அதே ஆண்டில் ஆர்கான் அவருக்கு அரைநேர வேலையும் சம்பளமும் கொடுத்தது. அந்த வேலையை வாங்கித் தந்தவர் ராபர்ட் சாக்ஸ். மரியாவிடமே ஆய்வு மாணவராக இருந்து முனைவரானவர் அவர். நோபல் பரிசு வாங்கித் தந்த அணுக்கரு ஓட்டு மாதிரியை மரியா உருவாக்கியது அந்த அரைநேர வேலைக் காலத்தில்தான். எனியாக் என்ற தொடக்க காலக் கணினியில், அணு உலைக்கான கணக்கு ஒன்றை மான்ட்டி கார்லோ முறையில் போட நிரல் எழுதியதும் அவர்தான். பல்கலைக்கழகத்தில் முழுச் சம்பளத்தோடு பேராசிரியர் பதவி அவருக்கு 1960இல்தான், அதுவும் கலிஃபோர்னியாவில் கிடைத்தது.

இப்போது எங்கள் தங்கை காட்டிய விளம்பரத்தின் மார்கரெட் பட்லருக்கு வருவோம். 1924இல் இண்டியானா மாநிலத்தில் பிறந்தார். புள்ளியியலும் கணிதமும் படித்து 1944இல் இளநிலைப் பட்டம் பெற்றார். 1948இல் ஆர்கானில் இளநிலைக் கணிதவியலாளராகச் சேர்ந்தார். கப்பற்படையின் நீர்மூழ்கிக்கான அணு உலைக்குக் கணக்குப் போடுவது வேலை. அந்தக் காலத்தில் இப்படிக் கணக்குப் போடும் இருக்கைகளில் பெரும்பாலும் பெண்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆங்கிலத்தில் 'கம்ப்யூட்டர்' என்ற சொல் அப்போது இயந்திரத்தைக் குறிப்பதற்கு முன்பே அந்த ஆட்களைக் குறித்தது.

1953இல் ஆர்கான் தன் முதல் கணினியான அவிடாக்கை இயக்கியது. அதற்குக் கணித நிரல்களை எழுதியவர்களில் பட்லரும் ஒருவர். பின்பு ஓக் ரிட்ஜுக்காக ஆர்கான் கட்டிய ஆரக்கிள், அதன்பின் ஜார்ஜ் என்று அடுத்தடுத்த கணினிகளில் வேலை செய்தார். ஒரு விஞ்ஞானி எழுதிய நிரல் இன்னொரு விஞ்ஞானிக்குப் பயன்பட வேண்டும் என்றால் அதைச் சோதித்து, விளக்கம் எழுதி, கேட்பவர்களுக்கு அனுப்பிவைக்க ஆள் வேண்டும். அந்த வேலைக்கென்று அமைந்த தேசிய ஆற்றல் மென்பொருள் மையத்தை 1972 முதல் 1991 வரை அவர்தான் நடத்தினார். அமெரிக்க அணுசக்திச் சங்கம் 1972இல் அவரைத் தன் ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தகுதியைப் பெற்ற முதல் பெண் அவர்.

பட்லரிடம் முனைவர் பட்டம் இல்லை. அவர் பெயரில் தரப்படும் போஸ்ட்டாக் உதவித்தொகைக்கு முனைவர் பட்டம் கட்டாயம். ஆகவே மார்கரெட் பட்லர் உதவித்தொகைக்கு மார்கரெட் பட்லரே விண்ணப்பிக்க முடியாது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஒரு துறையைக் கட்டி எழுப்பும்போது தேவைப்படாத சான்றிதழ், அந்தத் துறைக்கு மதிப்பும் பணமும் வந்தபின் கட்டாயமாகிறது. கணினி வேலை எழுத்தர் வேலை என்று எண்ணப்பட்டபோது பெண்களுக்கு விடப்பட்டது. அது அறிவியல் என்று பெயர் வாங்கியபின் வாசலில் காவல் போடப்பட்டது. கையால் செய்யும் வேலை ஒரு சாதிக்கு, மூளையால் செய்யும் வேலை இன்னொரு சாதிக்கு என்று ஆயிரம் ஆண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கும் நாட்டில் இருப்பவர்களுக்கு இந்த வித்தை பழக்கமானதுதான்.

864 அணுக்கள்

கணினிவழி அறிவியல் என்பது என்ன என்று கேட்பவர்களுக்கு ஆர்கானிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம். 1927இல் ஹைதராபாத்தில் பிறந்தவர் அனீசுர் ரஹ்மான். கேம்பிரிட்ஜில் படித்து, பெல்ஜியத்தில் முனைவராகி, உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். 1960இல் ஆர்கானில் சேர்ந்தார். 1964இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், 864 ஆர்கான் அணுக்கள் ஒன்றையொன்று இழுத்தும் தள்ளியும் நகர்வதைச் சிடிசி 3600 என்ற கணினியில் கணக்கிட்டுக் காட்டினார். திரவத்துக்குள் அணுக்கள் எப்படி அலைகின்றன என்பதை, சோதனைக் குழாயைத் தொடாமல், நியூட்டனின் விதியை மட்டும் வைத்து அடிக்கு அடி கணக்கிட்டுப் பின்தொடர்ந்தார். இன்று மருந்து கண்டுபிடிப்பு முதல் மின்கலம் வரை பயன்படும் மூலக்கூறு இயக்கவியல் என்ற முறை இந்தக் கட்டுரையின் வழியாகத்தான் பரவியது. எங்கள் தங்கையின் ஆய்வேடும் இதே முறையில் எழுதப்பட்டதுதான். அமெரிக்க இயற்பியல் சங்கம் கணினி இயற்பியலுக்குத் தரும் பரிசு இன்று ரஹ்மானின் பெயரில் இருக்கிறது.

அன்றைய 864 அணுக்கள் இன்று கோடிக்கணக்கில் போய்விட்டன. ஆர்கானில் இப்போது இயங்கும் அரோரா என்ற மீக்கணினி 2024இல், நொடிக்கு ஒன்றுக்குப் பின்னால் பதினெட்டுச் சுழியம் போட்ட எண்ணிக்கையில் கணக்குகளைச் செய்யும் வேகத்தைத் தாண்டியது. இப்படிப்பட்ட இயந்திரத்தை வீட்டிலோ சாதாரணக் கல்லூரியிலோ வைக்க முடியாது. தேசிய ஆய்வகத்துக்குள் நுழைந்தவருக்குத்தான் அதில் கணக்குப் போடும் வாய்ப்பு. அதனால்தான் அந்தக் கதவைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம்.

அந்தக் கதவு திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜாக் டோங்காரா ஒரு சாட்சி. சிகாகோ மாநிலப் பல்கலைக்கழகம் என்ற சாதாரணக் கல்வி நிறுவனத்தில் படித்து, பள்ளியில் அறிவியல் ஆசிரியராகலாம் என்றிருந்த மாணவர் அவர். 1972இல் படிப்பின் கடைசிப் பருவத்தை ஆர்கானில் கழிக்க ஒரு வாய்ப்பு வந்தது. அங்கே எண்கணித மென்பொருள் எழுதும் குழுவில் சேர்ந்தவர் வேறு ஆளாகத் திரும்பினார். உலகக் கணினிகளின் வேகத்தை அளக்க இன்றும் பயன்படும் லின்பேக் அவருடைய பங்களிப்போடு உருவானது. கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதின் 2021ஆம் ஆண்டுக்கான பரிசு அவருக்குக் கிடைத்தது. இவர் வெள்ளையர்தான். ஆனால் பேர்பெற்ற பல்கலைக்கழகத்தின் முத்திரை இல்லாத ஒருவருக்குச் சில மாதங்கள் கதவு திறந்திருந்தால் போதும் என்பதற்காக இவரைச் சொல்கிறோம்.

மிசிசிப்பியிலிருந்து வந்த போஸ்ட்டாக்

வால்டர் மாசி 1938இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஹாட்டிஸ்பர்க்கில் பிறந்தார். கருப்பினத்தவருக்குத் தனிப் பள்ளி, தனிக் குழாய், பேருந்தில் தனி இருக்கை என்றிருந்த ஊர். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு, ஃபோர்டு அறக்கட்டளையின் உதவித்தொகையில் கருப்பினத்தவருக்கான மோர்ஹவுஸ் கல்லூரிக்குப் போனார். செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1966இல் இயற்பியல் முனைவரானார். ஹீலியம் திரவத்தில் துகள்கள் கூட்டமாக எப்படி நடந்துகொள்கின்றன என்ற கணக்கு அவருடைய துறை. அதே 1966இல் ஆர்கானில் போஸ்ட்டாக்காகச் சேர்ந்து 1968 வரை இருந்தார்.

1944இல் வில்கின்ஸுக்கும் 1966இல் மாசிக்கும் நடுவில் 22 ஆண்டுகள். இந்த 22 ஆண்டுகளில் மாண்ட்கோமரியில் பேருந்துப் புறக்கணிப்பு நடந்தது. 1963இல் வாஷிங்டன் பேரணி நடந்தது. 1964இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1963 பேரணியை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர், 1941இல் பேரணி நடத்துவோம் என்று ரூஸ்வெல்ட்டை அசைத்த அதே ராண்டால்ஃப். மாசியின் திறமை மாசியுடையது. அந்தத் திறமை வந்து நிற்கும்போது கதவு திறந்திருந்ததற்குத் தெருவில் அடிவாங்கியவர்கள் பலர்.

1979இல் மாசி ஆர்கானின் இயக்குநரானார். அந்தப் பொறுப்பில் 1984 வரை இருந்தார். அவருக்கு முன்பு இயக்குநராக இருந்தவர் யார் தெரியுமா? 1946இல் தன் ஆசிரியை மரியாவுக்கு ஆர்கானில் வேலை வாங்கித் தந்த அதே ராபர்ட் சாக்ஸ். மாசி இயக்குநராக இருந்த காலத்தின் இறுதியில், 1984இல், அந்த வில்கின்ஸ் ஆர்கானுக்கு ஆய்வு ஃபெல்லோவாகத் திரும்பி வந்தார். அப்போது அவருக்கு அறுபது வயதாகியிருந்தது. இன்று மாசி பெயரிலும் ஆர்கானில் போஸ்ட்டாக் உதவித்தொகை இருக்கிறது.

இதை வெற்றிக் கதையாக முடித்துவிட எங்களுக்கு விருப்பமில்லை. 2025 ஜனவரியில் புதிய அமெரிக்க அரசு, மத்திய அரசு அலுவலகங்களில் பன்மைத்துவத்துக்கான திட்டங்களை மூடச் சொல்லி ஆணையிட்டது. 1941இல் ஓர் ஆணையால் திறந்ததை இன்னோர் ஆணையால் சாத்தப் பார்க்கிறார்கள். உரிமை என்பது ஒருமுறை வாங்கிப் பெட்டியில் பூட்டிவைக்கும் நகை அல்ல என்பதை நாம் பதவி உயர்வு இடஒதுக்கீடு வழக்குகளிலேயே பார்த்திருக்கிறோம்.

நம் ஆய்வகங்கள்

அமெரிக்கக் கதையைப் படித்துவிட்டு நம் வீட்டைப் பார்க்காமல் போக முடியாது. இந்தியாவில் இந்தக் கதவுக்குச் சட்டத்தாலேயே தாழ் போட்டார்கள். 1975 ஜூன் 23 தேதியிட்ட மத்திய அரசு ஆணை ஒன்று, ஆய்வு செய்வதற்கும் ஆய்வுக்கு வழிகாட்டுவதற்குமான அறிவியல், தொழில்நுட்பப் பதவிகளில், முதல் பிரிவின் தொடக்க நிலைக்கு மேலே இருப்பவற்றை இடஒதுக்கீட்டிலிருந்து விலக்க வழி செய்தது. அதாவது, விஞ்ஞானியாக அடிப்படியில் நுழையலாம், மேல்படிக்கு இடஒதுக்கீடு வராது. எமர்ஜென்சி அறிவிக்கப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு வந்த ஆணை இது.

பின்பு 2006ஆம் ஆண்டின் மத்தியக் கல்வி நிறுவனங்களில் சேர்க்கைக்கான இடஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கு இடம் கொடுத்த அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே ஒரு விலக்குப் பட்டியல் இருக்கிறது. டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம், பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம், ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் அங்கங்களும் அதில் உள்ளன. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் சென்னை தரமணியின் கணித அறிவியல் நிறுவனமும் அந்த அங்கங்களில் சேர்ந்தவை. சமூகநீதியின் மண் என்று நாம் பெருமைப்படும் தமிழ்நாட்டில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில், சட்டமே விலக்குக் கொடுத்த வளாகம் இருக்கிறது. சொல்லப்பட்ட காரணம் 'சிறப்பு நிறுவனம்', 'தேசிய முக்கியத்துவம்'. தேசத்துக்கு முக்கியமான இடத்தில் நாம் இருக்கக் கூடாது என்றால், நாம் தேசத்தில் எங்கே இருக்கிறோம்?

போஸ்ட்டாக்கின் நிலை இதைவிட வழுக்கலானது. அது பதவியும் அல்ல, மாணவர் சேர்க்கையும் அல்ல. உதவித்தொகை என்று பெயர் வைத்துவிட்டால் ரோஸ்டர் பற்றிய பேச்சே பல இடங்களில் எழுவதில்லை. ஒரு பேராசிரியர் தனக்கு வந்த திட்டப் பணத்தில் தனக்குத் தெரிந்த ஆளை வைத்துக்கொள்கிறார். அங்கிருந்து அந்த ஆள் நிரந்தர வேலைக்குப் போகிறார். கடைசியில் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் நடத்திவிட்டு, 'தகுதியான பட்டியல் சாதி விண்ணப்பதாரர் கிடைக்கவில்லை' என்று எழுதிவிட்டு இடத்தைக் காலியாக வைக்கிறார்கள். கிடைக்காமல் போன ஆள் எங்கே உதிர்ந்தார் என்று தேடினால், பெரும்பாலும் இந்த இடைவழியில்தான் உதிர்ந்திருப்பார்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் எளியவை. பொதுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு ஆய்வகமும் எத்தனை போஸ்ட்டாக் எடுத்தது, அதில் பட்டியல் சாதி, பழங்குடியினர், பெண்கள் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அரசு தரும் போஸ்ட்டாக் உதவித்தொகைகளுக்கு இடஒதுக்கீடு வேண்டும். 2006 சட்டத்தின் விலக்கு அட்டவணை நீக்கப்பட வேண்டும். பரிந்துரைக் கடிதத்தை மட்டும் நம்பாமல், விண்ணப்பதாரர் எழுதிய நிரலையும் கட்டுரையையும் பெயர் மறைத்து மதிப்பிடும் முறை வேண்டும். கணினிவழி அறிவியலில் இது முடியாத காரியமில்லை. நிரல் ஓடுகிறதா இல்லையா என்பதற்கு யாருடைய கடிதமும் தேவையில்லை.

இவை நடக்கும்வரை எங்கள் தங்கை காத்திருக்க முடியாது. அவள் கருத்தரங்கு ஒன்றில் சந்தித்த ஒரு பேராசிரியைக்கும், அவள் கட்டுரையைத் தன் கட்டுரையில் மேற்கோள் காட்டியிருந்த முகம் தெரியாத ஒரு விஞ்ஞானிக்கும் மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தோம். தயங்கித் தயங்கி நான்கு முறை அழித்து எழுதினாள். மரியாவுக்கு ஒரு சாக்ஸ் கிடைத்தார். நமக்கு அப்படிப்பட்டவர்கள் இன்னும் குறைவு. உள்ளே போய்விட்ட நம் ஆட்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறோம்: உங்களுக்கு முன்பின் தெரியாத பெயரிலிருந்து இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால், தயவுசெய்து பதில் எழுதுங்கள். உங்களையும் யாரோ தெருவில் நின்றுதான் உள்ளே அனுப்பினார்கள்.

இரண்டு பேரில் ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். ஆய்வேட்டை அனுப்பச் சொல்லியிருக்கிறார். அனுப்பியிருக்கிறாள்.

ஜெய்பீம்.